‘அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவரும் தேதி குறித்துவைப்பவரும்

நீங்கள் கேட்டது இதுதான். எதையும் இரண்டு மாதம் முன்பே தேதி குறித்துவைக்கிறவர் நீங்கள். உங்கள் நெருங்கிய தோழி வேறொரு நாட்டில் வளர்ந்தவர். எதைக் கேட்டாலும் ‘அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார். இருவரும் சேர்ந்து போக நினைத்த பயணம் இரண்டு முறை நின்றுபோய்விட்டது. இது பண்பாட்டு வித்தியாசமா, அவருக்கு உங்கள் மேல் அக்கறை இல்லையா, யார் மாற வேண்டும்?

அக்கறைக்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரும் முன்னேற்பாடு செய்கிறவர்தான் என்பது என் எண்ணம். உங்கள் முன்னேற்பாடு காலண்டரில் இருக்கிறது. அவருடையது மனிதர்களிடம் இருக்கிறது. பல நாட்டவரோடு சேர்ந்து நிறைய ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தால் நல்ல நட்புகள் கசந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதைப் பற்றித் தெளிவாக எழுதியவர்களில் முன்னோடி எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர். 1930களில் நவஹோ, ஹோப்பி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலப்பகுதிகளில் வேலை பார்த்தவர். அங்கே அரசு அதிகாரிகளுக்கு ஓர் அணை எந்தத் தேதிக்குள் கட்டி முடியும் என்பது பெரிய கேள்வி. ஹோப்பிகளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மக்காச்சோளம் விளைய ஒரு காலம் உண்டு, ஆட்டுக்குட்டி வளர ஒரு காலம் உண்டு. அணைக்கு என்று அப்படி ஒரு காலம் எங்கே இருக்கிறது? 1959இல் வெளியான தன் நூலில் ஹால் இன்னொன்றும் எழுதினார். மத்தியக் கிழக்கில் ஒரு வாரத்துக்கு அப்பால் சந்திப்பு குறிப்பதில் பயனில்லை, ஏனென்றால் ஒரு வாரம் தாண்டிய எல்லாமே ‘பிற்பாடு’ என்ற ஒரே பையில் போய் விழுந்துவிடுகிறது என்றார். அதே காலத்து அமெரிக்காவில் விருந்துக்குக் கடைசி நேரத்தில் அழைத்தால் அது அவமதிப்பு. பின்னாளில் அவர் இரண்டு வகைகளைப் பிரித்தார்: ஒரு நேரத்தில் ஒரே வேலை என்று நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிவைக்கும் பண்பாடுகள், ஒரே நேரத்தில் பல காரியங்களும் பல மனிதர்களும் கலந்து ஓடும் பண்பாடுகள். இரண்டாவது வகையில் வேலை பாதியில் இருக்கும்போது ஒருவர் வந்து நின்றால், வேலைதான் காத்திருக்கும்.

ஹாலின் பிரிப்பு உதவிகரமானது. ஆனால் அதை வைத்து ‘இந்த நாட்டுக்காரர் இப்படித்தான்’ என்று முத்திரை குத்தக் கிளம்பினால் சறுக்கிவிடுவோம். கீர்ட் ஹாஃப்ஸ்டேட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். அதில் ஒரு அளவுகோல், நிச்சயமின்மையை ஒரு சமூகம் எவ்வளவு தவிர்க்க விரும்புகிறது என்பது. அதில் உச்சத்தில் இருப்பது கிரீஸ்: 112. கடைசியில் இருப்பது சிங்கப்பூர்: 8. இதைத் திட்டமிடும் பழக்கத்தின் அளவாகப் படித்தால், உலகிலேயே அதிகம் திட்டமிடுபவர்கள் கிரேக்கர்கள், கொஞ்சமும் திட்டமிடாதவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள் என்று ஆகிவிடும். இரண்டு நாடுகளையும் அறிந்தவர்கள் யாரும் இதை ஏற்க மாட்டார்கள். அந்த எண், விதிகள் பற்றிய எண்ணம், வேலையில் பதற்றம், ஒரே நிறுவனத்தில் தொடரும் விருப்பம் ஆகிய மூன்று கேள்விகளில் இருந்து வந்தது. நிச்சயமின்மை பயமுறுத்துவது வேறு, டைரியில் எழுதிவைப்பது வேறு. இரண்டையும் குழப்பித்தான் இந்த விஷயத்தில் பாதிக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன.

இன்னொரு கணக்கெடுப்பையும் சொல்லவேண்டும். 76 நாடுகளில் 80,000 பேரிடம் பொறுமை, துணிச்சல், நம்பிக்கை போன்றவற்றைக் கேட்டு, 2018இல் வெளியிட்டார்கள். பின்னால் கிடைக்கும் பெரிய பலனுக்காக இன்று காத்திருக்கத் தயாரா என்ற கேள்வியில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரே நாட்டுக்குள் ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் அதைவிடப் பெரியதாக இருந்தது. அதனால் உங்கள் தோழியை அவருடைய நாட்டின் மாதிரியாகப் பார்க்காதீர்கள். அவருடைய கூடப்பிறந்தவர் ஒருவர் உங்களைப் போலவே டைரி வைத்திருக்கக்கூடும்.

சரி, வித்தியாசம் இருக்கிறது என்றால் அது எங்கிருந்து வருகிறது? என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் சாவி.

2013இல் வெளியான ஒரு சிறிய சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ரோசெஸ்டரில் 28 சிறு பிள்ளைகளிடம் நடந்தது. ஒரு மிட்டாயை மேசையில் வைத்து, ‘நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்’ என்று சொல்லும் பழைய சோதனைதான். இவர்கள் அதற்கு முன்பு ஒன்று செய்தார்கள். பாதிப் பிள்ளைகளிடம் வரைவதற்கு நல்ல வண்ணப் பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் அதையே சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். அப்புறம்தான் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். ஒரே ஊர், ஒரே வயது. குணத்தில் குறை தேட இடமே இல்லை. திரும்பி வருவார் என்று நம்ப முடியாத ஆளுக்காகக் காத்திருப்பது முட்டாள்தனம் என்று அந்தப் பிள்ளைகள் சரியாகவே கணித்தார்கள்.

இதை அப்படியே பெரியவர்களின் உலகத்துக்குக் கொண்டுபோங்கள். பேருந்து சொன்ன நேரத்துக்கு வரும், அலுவலகம் சொன்ன நாளில் திறந்திருக்கும், பணத்தின் மதிப்பு அடுத்த ஆண்டும் ஏறக்குறைய இதேதான் இருக்கும் என்ற இடத்தில் வளர்ந்தவருக்கு, எட்டு வாரம் முன்பே தேதி குறிப்பது இயல்பான காரியம். இவற்றில் எதுவும் உறுதியில்லாத இடத்தில் வளர்ந்தவர் எட்டு வாரம் முன்பே தேதி குறித்தால், அந்தத் தேதியைப் பெரும்பாலும் மாற்ற வேண்டிவரும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். அவர் வாக்குக் கொடுக்கத் தயங்குவது, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக்கூடாது என்பதாலும் இருக்கலாம். இந்தக் கோணத்தில் பார்த்தால் ‘அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நேர்மையான பதில்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் அல்ஜீரியாவில் இதைக் கண்ணால் பார்த்தார். கபில் பகுதி விவசாயிகள் கடிகாரத்தைச் ‘சாத்தானின் ஆலை’ என்று சொல்லும் வழக்கம் இருந்தது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். அதே விவசாயிகள் தானியத்தை ஆண்டுக்கணக்கில் சேமித்துவைத்தார்கள். அதாவது முன்யோசனை நிறையவே இருந்தது. எதிர்காலத்தை எண்ணிக்கையாக்கிக் கணக்குப் போடுவதைத்தான் அவர்கள் விரும்பவில்லை. நகரத்துக்குத் துரத்தப்பட்டு, நிலையான வேலை இல்லாமல் அலைந்தவர்களிடம் அவர் கண்டது வேறு. நாளைய வருமானம் தெரியாதவர்களால் அடுத்த ஆண்டைப் பற்றிக் கால் ஊன்றி யோசிக்கவே முடியவில்லை. அவர்களுடைய ஆசைகள் நடைமுறையை விட்டுப் பறந்துபோயிருந்தன. திட்டமிடுவதற்கு முதலில் காலுக்குக் கீழே கொஞ்சம் திடமான தரை வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவதற்கு அந்த ஆய்வு ஒரு காரணம்.

ஏழைகள் திட்டமிடுவதில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவுசெலவை ஓராண்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய்க் கேட்டு எழுதிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. வங்கதேசக் குடும்பங்களில் நான்கு வகைக்குக் குறைவான சேமிப்பு, கடன் வழிகளை வைத்துச் சமாளித்த குடும்பம் ஒன்றுகூட இல்லை. அக்கம்பக்கத்தாரிடம் கைமாற்று, உறவினரிடம் கொடுத்துவைத்த பணம், சேமிப்புக் குழு, கடைக்காரரிடம் கடன் என்று ஒவ்வொரு வாரமும் யோசித்து யோசித்துத்தான் ஓட்டினார்கள். அவர்கள் கையில் காலண்டர் இல்லாமல் இருக்கலாம். யாரிடம் எப்போது எவ்வளவு கேட்கலாம் என்ற கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மனிதர்களிடம் வைத்திருக்கும் முன்னேற்பாடு என்று நான் சொன்னதற்கு மிகத் தெளிவான உதாரணம் கலஹாரிப் பாலைவனத்தில் இருக்கிறது. போட்ஸ்வானா, நமீபியா எல்லைப் பகுதியில் வாழும் ஜூ ஹோவான்சி மக்களிடம் ‘ஹாரோ’ என்ற பரிசுப் பரிமாற்றம் உண்டு. தீக்கோழி முட்டை ஓட்டு மணிகள், அம்புகள், அன்றாடப் பொருட்கள் என்று சின்னச் சின்னப் பரிசுகளை வாழ்நாள் முழுவதும் சிலரோடு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பாலி வீஸ்னர் என்ற மானுடவியலாளர் 1970களில் இதைக் கூர்ந்து ஆராய்ந்தார். பரிசுத் தோழமை உள்ளவர்கள் பக்கத்திலேயே இருப்பதில்லை. சிலர் 200 கிலோமீட்டர் தொலைவில்கூட இருக்கிறார்கள். ஏன் அவ்வளவு தூரம்? இங்கே மழை பொய்த்தாலும் அங்கே பெய்திருக்கக்கூடும். பஞ்சம் வந்தால் குடும்பத்தோடு அந்தத் தோழமை வீட்டுக்குப் போய்ப் பல மாதம் தங்கலாம். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு, கிடைத்ததை அன்றைக்கே தின்றுவிட்டு நாளையைப் பற்றிக் கவலைப்படாமல் மணி கோத்துக்கொண்டிருக்கும் மக்கள். உள்ளே அது பத்து, இருபது ஆண்டு முன்யோசனை. எந்த ஆண்டு பஞ்சம் வரும் என்று யாருக்கும் தெரியாதபோது தேதி போட்ட திட்டம் உதவாது. எப்போது போனாலும் கதவு திறக்கும் ஒரு வீடுதான் உதவும். இதைப் படித்த நாளில் இருந்து ‘திட்டமிடாதவர்கள்’ என்ற சொல்லை நான் யாரைப் பற்றியும் எளிதில் பயன்படுத்துவதில்லை.

தான்சானியாவின் ஹட்சா மக்களை வைத்து ஜேம்ஸ் வுட்பர்ன் 1982இல் எழுதியதும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டியது. உழைப்பின் பலனை அன்றோ மறுநாளோ பகிர்ந்து சாப்பிட்டுவிடும் வேட்டைச் சமூகங்களில் யாரும் யாரைவிடவும் பெரிய ஆளாக முடிவதில்லை, சேர்த்துவைத்தால்தானே ஒருவர் கை ஓங்கும் என்றார் அவர். அதாவது சேர்க்காமல் இருப்பது சமத்துவத்தைக் காக்கும் ஒரு ஏற்பாடு. மறுபக்கம், படகோ பெரிய வலையோ பயிரோ வைத்திருக்கும் சமூகங்களில் பலன் பின்னால்தான் வரும்; அங்கே பங்கு, சொத்து, பொறுப்பு, கெடு எல்லாம் வந்தே தீரும். வேலையின் தன்மையே நேரத்தின் தன்மையையும் தீர்மானிக்கிறது.

பண்பாடு மாறாது என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. நேரம் தவறாமைக்கு இன்று எல்லோரும் காட்டும் உதாரணம் ஜப்பான். 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பியதற்காக அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் 1857இல் நாகசாகிக்குக் கடற்படைப் பயிற்சி கொடுக்க வந்த டச்சுக்காரர் காட்டன்டைக் எழுதிவைத்ததைப் படித்தால் வேறு நாட்டைப் பற்றிப் படிப்பது போல இருக்கும். பழுது பார்க்கத் தேவையான பொருள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, ஒரு தொழிலாளி ஒரே ஒரு முறை தலைகாட்டிவிட்டுத் திரும்பவே இல்லை என்றெல்லாம் சலித்துக்கொள்கிறார். அப்போது ஜப்பானில் மணி நேரத்தின் நீளமே பருவத்துக்குப் பருவம் மாறும். கோடைப் பகலின் ஒரு மணி, குளிர்காலப் பகலின் ஒரு மணியைவிட நீளம். 1873இல்தான் புதிய நாட்காட்டியும் சமமான 24 மணி நேரமும் நடைமுறைக்கு வந்தன. அப்புறம் ரயில், தொழிற்சாலை, பள்ளி மணி. 1920இல் மக்களுக்கு நேர ஒழுங்கைப் பழக்க ஜூன் 10ஐ நேர நினைவு நாள் என்றே அறிவித்தார்கள். மூன்று நான்கு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

ஐரோப்பாவும் பிறக்கும்போதே கடிகாரத்தோடு பிறக்கவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சூரியனைப் பார்த்துவைத்த நேரம் லண்டனைவிடப் பத்து நிமிடம் பின்தங்கி இருந்தது. யாருக்கும் அதனால் தொல்லை இல்லை. 1840இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் நிலையங்கள் முழுவதும் லண்டன் நேரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் சிக்கல். பிரிஸ்டல் சந்தைக் கட்டடத்தின் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் உண்டு, ஒன்று ஊர் நேரத்துக்கு, ஒன்று ரயில் நேரத்துக்கு. நாடு முழுவதும் ஒரே நேரம் என்று சட்டம் வந்தது 1880இல்தான்.

எதிர்த் திசையிலும் மாற்றம் நடக்கிறது. கைபேசி பரவியபோது நார்வேயில் ரிச் லிங், பிர்கிட்டே இட்ரி இருவரும் 2002இல் எழுதியது எனக்குப் பிடித்த ஆய்வு. முன்பெல்லாம் இத்தனை மணிக்கு இந்த இடத்தில் என்று கறாராகப் பேசிவைத்த இளைஞர்கள், கைபேசி வந்ததும் ‘சாயங்காலம் போல’ என்று கிளம்பி, போகிற வழியில் பேசிப் பேசி இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். கறாராக இருப்பதற்கு அவசியம் இல்லாமல் போனதும் கறார் தளர்ந்துவிட்டது.

மொழியும் காரணமா என்று சிலர் கேட்பார்கள். எதிர்காலத்துக்குத் தனி வினை வடிவம் வைத்திருக்கும் மொழிக்காரர்கள் குறைவாகச் சேமிக்கிறார்கள் என்று கீத் சென் என்ற பொருளாதார அறிஞர் 2013இல் எழுதினார். ஜெர்மன் மொழியில் ‘நாளை மழை பெய்கிறது’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லலாம். நாளை அவர்களுக்குப் பக்கத்திலேயே தெரிகிறது என்பது வாதம். ஆனால் மொழிக் குடும்பங்களின் உறவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்தத் தொடர்பு பலவீனமாகிவிடுகிறது என்று அவரும் சேர்ந்து எழுதிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரையே காட்டியது. நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேறொன்று எனக்கு அதிகம் சுவையாக இருக்கிறது. ஆண்டிஸ் மலையின் ஐமரா மொழியில் கடந்தகாலம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எதிர்காலம் முதுகுக்குப் பின்னால். பார்த்தது முன்னே, பார்க்காதது பின்னே. நம் மொழியைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘முன்னொரு காலம்’, ‘முன்னோர்’ என்று போனதை முன்னால் வைக்கிறோம். ‘பிற்காலம்’, ‘பின்வரும் தலைமுறை’ என்று வரப்போவதைப் பின்னால் வைக்கிறோம். அதே வாயால் ‘எதிர்காலம்’ என்று அதை முகத்துக்கு எதிரிலும் நிறுத்துகிறோம். ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பவர்களும் நாம்தான், ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பவர்களும் நாம்தான். எந்த மொழியைத் தோண்டினாலும் இப்படி இரண்டும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வேளைக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். வலி உண்டாவது திட்டத்தால் அல்ல, அதற்கு ஒவ்வொருவரும் கொடுக்கும் பொருளால். உங்களைப் போன்றவருக்குத் தேதி குறிப்பதே அன்பு: ‘என் நேரத்தில் உனக்கென்று ஒரு துண்டை ஒதுக்கி, அதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.’ அவரைப் போன்றவருக்குத் தேதி குறிக்காமல் இருப்பதே அன்பு: ‘என்னிடம் வர உனக்கு முன் அனுமதி தேவையில்லை.’ அவர் திடீரென்று அழைக்கும்போது நீங்கள் டைரியைப் புரட்டி, வரும் வியாழனுக்கு அடுத்த வியாழன் என்று சொன்னால், வரிசையில் நிற்க வைத்தது போல அவருக்குச் சுருக்கென்று இருக்கும். நீங்கள் மாதக்கணக்கில் ஆசையோடு எதிர்பார்த்த நாளில் அவர் ‘இன்னொரு நாள் போகலாமே’ என்றால், தூக்கி எறிந்தது போல உங்களுக்கு இருக்கும். இருவருமே மதிக்கப்படவில்லை என்று உணர்கிறீர்கள், இருவருமே மதிப்புக் காட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ராபர்ட் லெவின் என்ற உளவியலாளர் 31 நாடுகளில் நடை வேகம், தபால் அலுவலகத்தில் ஒரு தபால்தலை வாங்க ஆகும் நேரம், வங்கிக் கடிகாரங்களின் துல்லியம் ஆகியவற்றை அளந்தவர். முதலிடம் சுவிட்சர்லாந்து, கடைசி மெக்சிகோ. ஆனால் அவர் மனதில் தைத்தது அந்தப் பட்டியல் அல்ல என்று எனக்குத் தோன்றும். 1976இல் பிரேசிலில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கப் போனார். வகுப்பு 10 மணிக்கு. மாணவர்கள் பதினொரு மணி வரை சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். மரியாதை இல்லையோ என்று நினைத்தார். 12 மணிக்கு வகுப்பு முடியவேண்டும், உடனே எழுந்துபோனவர்கள் சிலர்தான். இன்னும் சிலர் பன்னிரண்டே கால், பன்னிரண்டரை என்று உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய சொந்த நாட்டு மாணவர்கள் முடியும் நேரம் நெருங்கும்போதே புத்தகத்தை மூடிவைக்கிறவர்கள். தாமதமாக வருகிற அதே மனது, பேச்சு நன்றாக இருந்தால் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து போகவும் போகாது. உங்கள் தோழியிடமும் இந்த இரண்டாவது பாதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எல்லாத் தாமதத்தையும் பண்பாடு என்று மன்னித்துவிடக்கூடாது. யார் யாரைக் காக்க வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். மேலதிகாரிக்கு மட்டும் நேரத்துக்குப் போய், கீழே இருப்பவரை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பவரிடம் இருப்பது அதிகாரம், பண்பாடு இல்லை. அதேபோல, தேதியையும் கெடுவையும் வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டில் மரணம் நடந்தபோதும் நகராதவரைத் திட்டமிடுபவர் என்று புகழ எனக்கு மனம் வராது. தோழி விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கிறாரா, உங்களிடம் மட்டுமா? எல்லோரிடமும் அப்படித்தான் என்றால் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

யார் மாற வேண்டும் என்ற கேள்விக்கு, இருவரும் மொத்தமாக மாறத் தேவையில்லை என்பதே என் பதில். பெருவிலும் பொலிவியாவிலும் மலை விவசாயிகள் செய்வதைப் பாருங்கள். ஜூன் கடைசியில் விடியலுக்கு முன் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். மங்கலாகத் தெரிந்தால் உருளைக்கிழங்கு நடுவதைச் சில வாரம் தள்ளிவைப்பார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் உயரத்தில் மெல்லிய மேகம் படர்ந்து நட்சத்திரம் மங்குகிறது, அந்த ஆண்டுகளில் மழையும் பிந்தி, குறைந்து வருகிறது என்று 2000இல் அறிவியலாளர்கள் விளக்கினார்கள். நடவு நடந்தே தீரும் என்பது உறுதி. என்றைக்கு என்பது மட்டும் திறந்து கிடக்கிறது.

பயணத்தையும் அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். கைவிட்டால் பணம் போகும் விஷயங்கள், அதாவது விசா, விமானச் சீட்டு, முதல் இரவு தங்கும் இடம், இவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைத் திடீரென்று மாற்ற முடியாது என்பதைக் கோபம் இல்லாமல், பணக் கணக்கோடு அவருக்குச் சொல்லுங்கள். பல பேருக்கு இது உண்மையிலேயே தெரிவதில்லை. அவர்கள் வளர்ந்த இடத்தில் பெரும்பாலானவை மாற்றக்கூடியவை. போய் இறங்கிய பிறகு நாட்களை அவர் கையில் விட்டுவிடுங்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், போனாலும் பையிலேயே வைத்திருங்கள். யாரோ வீட்டுக்கு வரச் சொன்னார்கள் என்று அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு அவர் கிளம்பினால் கூடவே போங்கள். புது ஊரில் முன்பின் தெரியாதவரிடம் பேசி, இடம் பிடித்து, வழி கண்டுபிடிப்பதில் அவருக்கு இருக்கும் கைப்பழக்கம் உங்களுக்கும் எனக்கும் கிடையாது.

ஆறு வாரம் முன்பு ஒப்புக்கொண்ட தேதியை அப்படியே உறைந்த நிலையில் விட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் முன்பு ஒரு முறை, ஒரு வாரம் முன்பு ஒரு முறை, முந்தைய நாள் ஒரு முறை பேசுங்கள். நீங்கள் இதை நச்சரிப்பு என்று நினைக்கலாம். உலகின் பல இடங்களில் இப்படி அவ்வப்போது பேசி உயிரோடு வைத்திருக்கும் சந்திப்புதான் சந்திப்பாகக் கணக்கில் வரும். பேச்சு இல்லாமல் போனால் அது தானாகவே கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நின்றுபோன அந்த இரண்டு பயணங்களில் இது நடந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். தேதியை முடிவு செய்த பிறகு நீங்கள் நிம்மதியாக இருந்துவிட்டீர்கள், அந்த மௌனத்தைப் பார்த்து அவர் திட்டம் கைவிடப்பட்டது என்று நினைத்துவிட்டார். அவரிடமே கேட்டுப்பாருங்கள், எப்போது அந்தப் பயணம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது என்று. குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள்.

அவரிடமும் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: வர முடியாது என்று அவருக்குத் தெரிந்த அதே நேரத்தில் உங்களுக்கும் தெரிய வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, ஒரு வரிச் செய்தி போதும். பதிலுக்கு நீங்கள் வாரத்தில் ஒரு மாலையை எதுவும் எழுதாமல் விட்டுவையுங்கள், அவர் எப்போது அழைத்தாலும் டைரியைத் திறக்காமலே ‘வா’ என்று சொல்வதற்கு.